திறக்கச் சொன்னேன், மூடச் சொல்லவில்லை

அந்த ராத்திரி கரண்ட் போயிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

2012-இல் பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பல நாள் பாதி நேரத்துக்கு மேல் ஜெனரேட்டர்தான். நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நூல் பிரிவுக்காரர்கள் பஞ்சு விலையைப் பேசினால் நாங்கள் டீசலைப் பேசுவோம். மில்லின் பின்பக்கம் காம்பவுண்டை ஒட்டி 20,000 லிட்டர் டேங்க், சிமெண்ட் மேடைமேல் படுத்த வாக்கில் இருந்தது. அதிலிருந்து பைப் போட்டு ஜெனரேட்டர் ரூமில் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு டே டேங்க், அதாவது அன்றைய ஓட்டத்துக்கான சின்ன டேங்க், 990 லிட்டர். எந்த மில்லுக்குப் போனாலும் இந்த 990-ஐப் பார்க்கலாம். லைசென்ஸ் இல்லாமல் டீசல் வைத்துக்கொள்ள வேண்டுமானால் மொத்தம் 2,500 லிட்டருக்குள், ஒரே கலத்தில் 1,000 லிட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பெட்ரோலியச் சட்டம். அதற்குப் பயந்து பிறந்த அளவு அது. பெரிய டேங்க்குக்கு நாங்கள் எக்ஸ்ப்ளோசிவ் டிபார்ட்மென்ட்டில் லைசென்ஸ் வாங்கி ஆபீஸில் பிரேம் போட்டு மாட்டியிருந்தோம்.

டேங்க்கைச் சுற்றி டைக் சுவர். உள் அளவு பத்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், உயரம் அரை மீட்டர். கணக்குக்கு 25,000 லிட்டர் பிடிக்கும். டேங்க் முழுசாகப் பொத்துக்கொண்டாலும் வெளியே போகாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் அளந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நவம்பரில் ஒரு நாள் நல்ல மழை. டைக்குக்குள் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 50 சதுர மீட்டர் இடத்தில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர். 25,000 பிடிக்கிற டைக் அன்றைக்கு 20,000 பிடிக்கிற டைக்தான். இன்னொரு மழை பெய்தால் அதுவும் இல்லை. அதனால் தண்ணீரை இறக்கத்தான் வேண்டும், தப்பில்லை. சுவரின் ஓரத்தில் அதற்கென்று இரண்டு இன்ச் கேட் வால்வு ஒன்று உண்டு. ஹெல்பர் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, டைக்கு வால்வைத் தொறந்து உட்ரு, தண்ணி போகட்டும்" என்றேன். "சரிங்ணா" என்று போனான். திறந்தான். தண்ணீர் மழைநீர் வாய்க்காலுக்குப் போனது. சாயங்காலம் டைக் காய்ந்து கிடந்தது. எனக்குத் திருப்தி.

மூடச் சொல்லவில்லை. அவனும் மூடவில்லை. அந்தக் கேட் வால்வு வேறு, திறந்தாலும் மூடினாலும் சக்கரம் ஒரே உயரத்தில் நிற்கிற வகை. பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது, கையை வைத்துத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு வாரம் தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தேன்.

டேங்க்கில் எண்ணெய் எவ்வளவு என்று பார்க்க, பக்கவாட்டில் ஒரு ட்யூப் கேஜ். கேஜ் என்று மரியாதையாகச் சொல்கிறேன். கீழே ஒரு நிப்பிள், மேலே ஒரு நிப்பிள், நடுவில் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூப், இரண்டு பக்கமும் கிளாம்ப். ஏணி ஏறி, அளவுக் கம்பியை உள்ளே விட்டு டிப் பார்க்கச் சோம்பல்பட்டு யாரோ எப்போதோ போட்டது. கீழ் நிப்பிளில் ஒரு பால் வால்வு இருந்தது, அதை யாரும் மூடியதே இல்லை. நான்கு வருஷ வெயிலில் ட்யூப் மஞ்சளடித்து விறைத்துப் போயிருந்தது. வளைத்தால் அப்பளம் மாதிரி ஒடியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அது ஒரு வியாழக்கிழமை ராத்திரி. லேசான தூறல். அதிசயமாக விடிய விடிய கரண்ட் இருந்தது. ஜெனரேட்டர் ஓடியிருந்தால் ஆபரேட்டர் மணிக்கொரு தடவை அந்தப் பக்கம் போயிருப்பார். ஓடவில்லை, போகவில்லை. கீழ்க் கிளாம்புக்குப் பக்கத்தில் ட்யூப் விரிசல் விட்டிருக்கிறது. டேங்க்கிலிருந்து டைக்குக்கு, டைக்கிலிருந்து திறந்து கிடந்த வால்வு வழியாக வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து காம்பவுண்டுக்கு வெளியே பள்ளத்துக்கு என்று டீசல் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

காலை ஆறு மணிக்கு கேட்டில் ஒரு பெரியவர் வந்து நின்றார். பள்ளத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர். சத்தம் போடவில்லை. "ஏனுங் தம்பி, கெணத்துல என்னமோ பளபளன்னு மெதக்குதுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டுனா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. உங்க மில்லுல ஏதாச்சும் ஆயிருக்கான்னு பாருங்க" என்றார். மழைத்தண்ணீர் கிணற்றில் இறங்கட்டும் என்று பள்ளத்திலிருந்து ஒரு கால் வெட்டி விட்டிருந்தார் அவர். தூறல் தண்ணீர்மேல் மிதந்த எங்கள் டீசல் அந்தக் கால் வழியாகவே உள்ளே போயிருக்கிறது.

டிப் கம்பியை விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் ரெஜிஸ்டரில் 96 சென்டிமீட்டர். இப்போது 81. சென்டிமீட்டரை லிட்டராக்கிக் காட்டும் சார்ட்டைப் பார்த்தால் 1,900 லிட்டர் குறைந்திருந்தது.

திருப்பூர் ஜில்லாவில் கிணறு என்றால் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சாயத் தண்ணீரால் நொய்யல் கெட்டு, 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தேக்கமாக மாறி, கடைசியில் 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அது நடந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம். பல்லடம் நொய்யல் கரையில் இல்லைதான். ஆனாலும் "மில்லு தண்ணி கெணத்துல கலந்துருச்சு" என்ற ஒரு வரிக்கு அந்த ஜில்லாவில் என்ன எடை என்று எங்களுக்குத் தெரியும். பெரியவர் நினைத்திருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருக்கலாம்.

முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றைச் சரியாகச் செய்தோம், ஒன்றைத் தப்பாகச் செய்தோம். ட்யூப் வால்வையும் டைக் வால்வையும் மூடிய கையோடு வாய்க்காலில் இரண்டு இடத்தில் மண்மூட்டை போட்டு அடைத்தது சரி. தப்பு, வாய்க்காலைக் கழுவியது. நாற்றம் போகட்டும் என்று ஒருவர் சோப் ஆயிலைக் கொண்டுவந்து ஊற்றித் தண்ணீர் பீய்ச்சினார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். டீசல் தண்ணீரைவிட லேசு. சும்மா விட்டால் மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். சோப்பு பட்டால் பால் மாதிரி தண்ணீரோடு கலந்துவிடும். பிறகு மண்மூட்டையும் நிறுத்தாது, பஞ்சும் உறிஞ்சாது. வெள்ளையாக ஓடியதைப் பார்த்ததும்தான் நிறுத்தச் சொன்னேன்.

பஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. பஞ்சு மில்லில் வேலை பார்த்துக்கொண்டே எண்ணெய் உறிஞ்ச என்ன வாங்கலாம் என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்தான், "எலவம்பஞ்சு தண்ணியில நனையாதுங்க, எண்ணெய மட்டும் புடிக்கும். உங்ககிட்ட அது இருக்காதுங்களா?" என்றார். இலவம்பஞ்சு இல்லை, ஆனால் கார்டிங்கில் விழுகிற கழிவுப் பஞ்சு மலையாகக் கிடந்தது. சலவை செய்யாத பஞ்சின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் அது தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் குடிக்காது, எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரிப் பஞ்சு அப்படி இல்லை, மெழுகை எடுத்துவிடுவதால் தண்ணீரைத்தான் குடிக்கும். அவர் தோட்டத்திலேயே சின்ன வெங்காயம் போடுகிற வலைச்சாக்கு இருந்தது. அதில் கழிவுப் பஞ்சை அடைத்து, கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கினோம். அரை மணி நேரம் மிதக்க விட்டுத் தூக்கினால் சாக்கு கனத்து வரும். பேரல்மேல் வைத்துப் பிழிந்துவிட்டு மறுபடி இறக்குவோம். நான்கு நாள் இதே வேலை. பிழிந்து எடுத்தது சுமார் 600 லிட்டர். மீதி மண்ணுக்கும் காற்றுக்கும் போனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் படகில் உட்கார்ந்து குவளையாலும் வாளியாலும் அள்ளியதை டிவியில் காட்டினார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் நான்கு நாள் பிழிந்தது ஒரு கிணறு. அது ஒரு ஆறு.

எண்ணெய்ப் பஞ்சையும் தோண்டிய மண்ணையும் என்ன செய்வது என்பது தனித் தலைவலி. பாய்லரில் போட்டு எரித்துவிடலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருந்தார்கள். அது அபாயகரமான கழிவு, இஷ்டத்துக்கு எரிக்கவும் புதைக்கவும் கூடாது. மூட்டை கட்டி, பஞ்சு குடோனுக்கு எட்டாத தூரத்தில் ஷெட் போட்டு வைத்து, பிறகு கும்மிடிப்பூண்டியில் இருக்கிற அபாயகரக் கழிவு மையத்துக்கு லாரியில் அனுப்பினோம். போன டீசலின் விலையைவிட இந்தச் செலவும், பெரியவருக்கு மாசக்கணக்கில் அனுப்பிய லாரித் தண்ணீரும்தான் அதிகம்.

விசாரணை ரிப்போர்ட் நான்தான் எழுதினேன். "ஹெல்பர் வால்வை மூட மறந்துவிட்டார்" என்று எழுதினேன். பையனுக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். மூடச் சொல்லாதது நான் என்று அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பிறகு தெரிந்துகொண்டது, இது எங்கள் மில்லுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுரா டிப்போவில் பெட்ரோல் கசிந்து பற்றி எரிந்ததே, அங்கேயும் டைக் வால்வு திறந்து கிடந்ததாகவும், பெட்ரோல் மழைநீர்க் கால்வாய் வழியாக வெளியே போனதாகவும் விசாரணைக் குழு சொன்னது. 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் டேங்க் கேஜ் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு, மட்டம் ஏறுவது தெரியாமல் பெட்ரோல் தலைக்குமேல் வழிந்து வெடித்தது. அங்கே டைக் சுவர்களின் ஜாயின்ட் வழியாகவும் பைப் நுழைகிற ஓட்டைகள் வழியாகவும் கசிந்தது. டேங்க் இரும்பு கிழிந்து கொட்டுவது அபூர்வம். ஏற்றும்போது, இறக்கும்போது, கழுவும்போது, தண்ணீர் திறக்கும்போது, யாரோ ஒருவர் டீ குடிக்கப் போகும்போதுதான் கொட்டுகிறது.

நாங்கள் மாற்றியவற்றில் முதலாவது அந்த ட்யூப். பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு நிப்பிளிலும் பிளக் அடித்தோம். உங்கள் இடத்தில் ட்யூப் இல்லாமல் முடியாது என்றால், அழுத்திப் பிடித்தால் மட்டும் திறந்து, கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்கிற ஸ்பிரிங் வால்வைக் கீழே போடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் டேங்க்கின் முழு எடையையும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் தொங்கவிடாதீர்கள்.

டைக் வால்வுக்குப் பூட்டு போட்டோம், சாவி ஷிப்ட் இன்சார்ஜிடம். ரெஜிஸ்டரில் திறந்த நேரம், திறந்தவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் மூடிய நேரம், மூடியவர் கையெழுத்து. இந்த இரண்டாவது ஜோடிக் கட்டம்தான் முக்கியம். மூடுகிற வரைக்கும் ஆள் அங்கேயே நிற்க வேண்டும். திறப்பதற்கு முன் தண்ணீர்மேல் வானவில் நிறப் படலம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும், தெரிந்தால் பஞ்சு போட்டு எடுத்த பிறகுதான் திறக்க வேண்டும். ஆறு மாசம் கழித்து வால்வையே எடுத்துவிட்டுச் சுவரைப் பூசினோம். இப்போது தண்ணீரைக் கைப்பம்ப் வைத்துச் சுவருக்குமேல் இறைத்துத்தான் கொட்ட வேண்டும். மறந்து திறந்து போட அங்கே ஒன்றுமே இல்லை. பம்ப் அடிக்கிறவன் நிறுத்தினால் தண்ணீரும் நின்றுவிடும்.

டைக் சுவரை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். நாங்கள் உள்ளே பத்து சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு, சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனோம். விடிந்து பார்த்தால் நான்கு சென்டிமீட்டர் காணோம். ராத்திரி அவ்வளவு ஆவியாகாது. தேடினால், லைட்டுக்காகக் கேபிள் இழுத்த இடத்தில் சுவரை உடைத்துவிட்டு மேலோட்டமாகப் பூசி வைத்திருந்தார்கள்.

வாய்க்கால் காம்பவுண்டை விட்டு வெளியே போகிற இடத்தில் ஒரு தொட்டி கட்டினோம். வெளிக்குழாயின் உள்முனையில் ஒரு எல்போ, வாய் கீழ்நோக்கி. தண்ணீர் அடியிலிருந்துதான் வெளியேற முடியும், எண்ணெய் வந்தால் மேலேயே தங்கிவிடும். கொத்தனாரும் பிளம்பரும் இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். கோடையில் தொட்டி காய்ந்து எல்போவின் வாய் வெளியே தெரிந்தால் இது வேலை செய்யாது. மாசிக்குப் பிறகு வாரம் ஒரு தடவை நாமே தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும்.

லாரி இறக்கும்போது செய்ய வேண்டியதை டிப் கம்பியே சொல்கிற மாதிரி செய்தோம். எங்கள் டேங்க் இரண்டு மீட்டர் விட்டம். படுத்த டேங்க்கில் மட்டம் ஒரே வேகத்தில் ஏறாது என்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. நடுவில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 128 லிட்டர். மேலே 190-ஐத் தொடும்போது ஒரு சென்டிமீட்டர் வெறும் 56 லிட்டர்தான். அதாவது நிரம்பப் போகிற நேரத்தில் மட்டம் இரண்டு மடங்கு வேகமாக ஓடும். இன்னும் இருபது சென்டிமீட்டர் இடம் இருக்கிறதே என்று நினைக்கும்போது மிச்சம் இருப்பது ஆயிரம் லிட்டர்தான். அதனால் கம்பியில் 180-இல் சிவப்பு பெயிண்ட். அதற்குமேல் ஏற்றுவதில்லை. லாரி வந்ததும் முதலில் டிப் பார்த்து, சிவப்புக் கோடு வரைக்கும் எவ்வளவு இடம் என்று எழுதி, டிரைவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஹோஸ் மாட்டுவோம். சக்கரத்துக்குக் கட்டை, எர்த் கிளிப், கப்ளிங்குக்குக் கீழே வாளி எல்லாம் அதற்கப்புறம். இறக்கி முடித்ததும் லாரிச் சாவியைக் கொடுப்பதற்கு முன் ஹோஸ் கழற்றியாச்சா என்று கண்ணால் பார்க்க வேண்டும், கேட்டால் போதாது.

ஒரு தடவை இறக்கிக்கொண்டிருக்கும்போது டிப் மூடியிலிருந்து புஸ்ஸென்று டீசல் தெறித்தது. டேங்க்கில் பாதிகூட நிரம்பவில்லை. வென்ட் பைப்பில் வலை கிழிந்து, உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. காற்று வெளியேற வழியில்லை. அன்றிலிருந்து மாசம் ஒருமுறை ஏணி போட்டு வென்ட்டைப் பார்ப்பது என் வேலை. ஆயுத பூஜைக்கு டேங்க்குக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் வலைமேலேயும் அடித்து அடைத்துவிடுவார்கள், அதையும் பாருங்கள்.

தினசரி டிப்பை மூன்று ஷிப்டும் எழுதி, வாங்கியது, செலவானது, இருப்பு என்று டேலி பண்ண ஆரம்பித்தோம். முதல் வாரத்தில் சின்னப் பீதி. மத்தியானம் பார்த்ததைவிட விடிகாலையில் முக்கால் சென்டிமீட்டர் குறைகிறது. கசிவு இல்லை, டீசல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 12,000 லிட்டருக்குப் பத்து டிகிரி மாறினால் 100 லிட்டர் வித்தியாசம் காட்டும். ஆகவே தினமும் ஒரே நேரத்து டிப்பை, அதுவும் விடிகாலை டிப்பைத்தான் ஒப்பிட வேண்டும். விடிகாலைக்கு விடிகாலை மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் அலட்சியமாகத்தான் தெரியும், ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்குமேல் வரும்.

2013 ஜனவரியில் மொத்தமாக வாங்குபவர்களுக்கு மட்டும் டீசல் விலையை லிட்டருக்குப் பத்து ரூபாய் போல ஏற்றினார்கள். சுற்றுவட்டாரத்தில் பேரல் பேரலாக பங்க்கிலிருந்து கொண்டுவருகிற கூத்து ஆரம்பித்தது. டைக்குக்காக அவ்வளவு பாடுபட்டுவிட்டு, திறந்தவெளி மண்ணில் பேரல்களை நிறுத்தி வைப்பதைப் பல இடத்தில் பார்த்தேன். நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். ராத்திரி குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும்போது மூடியின் இடுக்கு வழியாக அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, மூடிகள் தேங்குகிற தண்ணீருக்குமேல் இருக்கும்படி வைத்தால் போதும். கீழே ஒரு தகரத் தட்டும் வேண்டும்.

அந்த மில்லை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பெரியவரின் கிணற்றில் வாசனை போக எட்டு மாசம் ஆனது. மாடு குடிக்க ஆரம்பித்த பிறகும் அவர் வீட்டில் குடிக்க அந்தத் தண்ணீரை எடுக்கவில்லை.

இப்போது இருக்கிற இடத்தில் பெரிய டேங்க், டே டேங்க்கைவிட உயரத்தில் இருக்கிறது. பம்ப்பை நிறுத்தினாலும் எண்ணெய் தன்னால் இறங்கிக்கொண்டே இருக்கும். சேர்ந்த முதல் வாரமே இதைக் கண்டுபிடித்து, பம்ப் நின்றதும் லைனை அடைக்கிற வால்வும், டே டேங்க் நிரம்பினால் மிச்சம் பெரிய டேங்க்குக்கே திரும்புகிற மாதிரி ஒரு தடித்த ஓவர்ஃப்ளோ லைனும் கேட்டு இன்டென்ட் போட்டேன். வால்வு வந்துவிட்டது. லைனுக்கு இரண்டு மாசமாக பர்ச்சேஸில் கொட்டேஷன் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் டே டேங்க்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். பம்ப் ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிற மாதிரி மாற்றி, ஸ்டூலிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் வைத்தாயிற்று. நிரப்புகிற எட்டு நிமிஷமும் ஆள் அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். டீயை அங்கேயே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.